புண்ணில் தெரியும் நொய்

அரிசியைச் சலித்தால் முழு அரிசி மேலே நிற்கும். நொய் கீழே விழும். நொய் என்றால் உடைந்த சிறு துணுக்கு. இதைச் சில ஊர்களில் குருணை என்று சொல்வார்கள்.

நம் உடம்பிலும் நொய் போன்ற பொருள்கள் உண்டு. மருத்துவர்கள் இதற்கு 'கிரானூல்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். இலத்தீன் மொழியில் 'கிரானும்' என்றால் தானியம். அதிலிருந்து வந்த சொல் இது. சிறு தானியம், சிறு மணி என்று பொருள்.

உடம்பில் புண் வந்தால் இரண்டு வகையான நொய்யை நம் கண்ணால் பார்க்க முடியும்.

ஒன்று, புண்ணின் உள்ளே சிவப்பாக, மணி மணியாகத் தெரியும் சதை. இது நல்ல நொய். புண் ஆறுகிறது என்பதற்கு இது அடையாளம்.

இன்னொன்று, சீழோடு சேர்ந்து வெளியே வரும் கறுப்பு, வெள்ளை அல்லது மஞ்சள் மணிகள். இது கெட்ட நொய். உள்ளே கிருமி குடியிருக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

நம்மில் பலர் என்ன செய்கிறோம்? நல்ல நொய்யைப் பார்த்துப் பயந்து, அதைத் தேய்த்து எடுத்துவிடுகிறோம். கெட்ட நொய் வந்தால், வலிக்கவில்லையே என்று சும்மா இருந்துவிடுகிறோம். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். இதைத் தெரிந்துகொள்ளாததால் காலையே இழந்தவர்கள் உண்டு.

புண் எப்படி ஆறுகிறது?

சித்தூர் பக்கத்தில் கரும்பு வெட்டும் ஒருவருக்குக் காலில் கத்தி பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காயம் அகலமானது. முதலில் இரத்தம் ஓடுகிறது. சிறிது நேரத்தில் இரத்தம் உறைகிறது. மதகை அடைத்ததுபோல் காயம் அடைபடுகிறது.

அடுத்து வெள்ளை அணுக்கள் வருகின்றன. இவை நம் இரத்தத்தில் உள்ள காவலர்கள். இவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் உள்ளே மிகச் சிறிய நொய்கள் நிறைந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கியில்தான் தெரியும். அந்த நொய்களில் கிருமியைக் கொல்லும் பொருள்கள் இருக்கின்றன. வெள்ளை அணு கிருமியை விழுங்குகிறது. பிறகு இந்த நொய்களை அதன்மேல் கொட்டி அழிக்கிறது. அந்தப் போரில் இறந்த அணுக்களும் கிருமிகளும் சேர்ந்ததுதான் சீழ்.

மூன்று நான்கு நாள் ஆனதும் கட்டுமான வேலை தொடங்குகிறது. புண்ணின் அடியிலிருந்து புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. இவை தலைமுடியை விட மெல்லியவை. ஒவ்வொரு குழாயும் மேலே வந்து, வளைந்து, கீழே திரும்புகிறது. அப்படி வளைந்த இடம் ஒவ்வொன்றும் ஒரு சிவந்த மணிபோல் தெரிகிறது. உரித்த மாதுளையில் முத்துகள் தெரிவதுபோல் இருக்கும். குழாய்களைச் சுற்றி நார் போன்ற புதிய சதை வளர்கிறது. இதைத்தான் மருத்துவர்கள் 'கிரானுலேஷன்' என்கிறார்கள். நாம் இதை நொய்ச் சதை என்று சொல்லலாம்.

நொய்ச் சதை பள்ளத்தை நிரப்புகிறது. பிறகு புண்ணின் ஓரங்களிலிருந்து தோல் மெல்ல உள்நோக்கி வளர்ந்து அதை மூடுகிறது. வீடு கட்டும்போது முதலில் அடித்தளம் போடுகிறோம். பிறகுதான் கூரை. நொய்ச் சதை அடித்தளம். தோல் கூரை.

தீக்காயம் போன்ற பெரிய புண்களுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவது உண்டு. அதற்கும் பல நேரங்களில் நல்ல நொய்ச் சதை வரும்வரை மருத்துவர்கள் காத்திருப்பார்கள். அடித்தளம் சரியில்லாத இடத்தில் தோல் ஒட்டாது.

அழுகல் அல்ல, புதுச் சதை

அரசு மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டு மாற்றும் அறையில் இப்படிப்பட்ட பேச்சு அடிக்கடி நடக்கும்.

"சிஸ்டர், புண்ணு உள்ளே ஒரே சிவப்பா இருக்குது. மணி மணியா வேற இருக்குது. என் வீட்டுக்காரருக்குக் கால் அழுகிப்போச்சா?"

"இல்லைம்மா. அது புதுச் சதை. நல்லா வளருது."

"துடைச்சா இரத்தம் வருதே?"

"நீங்க ஏம்மா துடைக்கிறீங்க? அது நெல் நாத்து மாதிரி. பிடுங்கினா மறுபடியும் முதல்ல இருந்து நடணும்."

செவிலியர் சொன்னது சரியான பேச்சு. புதிய இரத்தக் குழாய்களின் சுவர் மிகவும் மெல்லியது. லேசாகத் தேய்த்தாலும் உடையும். ஒவ்வொரு நாளும் தேய்த்தால் ஒவ்வொரு நாளும் புண் பின்னோக்கிப் போகும்.

நிறத்தைப் பாருங்கள்

கட்டு மாற்றும்போது புண்ணின் நிறத்தைக் கவனிக்க வேண்டும்.

இளஞ்சிவப்பு அல்லது சிவப்பு, ஈரப்பசை, மணி மணியான சதை: புண் நன்றாக ஆறுகிறது.

வெளுத்த நிறம்: இரத்த ஓட்டம் போதவில்லை, அல்லது உடம்பில் இரத்தம் குறைவு.

மஞ்சள் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் படலம்: இறந்த சதை. மருத்துவமனையில்தான் இதை எடுக்க வேண்டும்.

கறுப்பு நிறம், கெட்ட நாற்றம், புண்ணைச் சுற்றி வீக்கம், சூடு, காய்ச்சல்: ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சில நேரம் நொய்ச் சதை அளவுக்கு மீறி வளர்ந்து, தோலுக்கு மேலே உப்பி நிற்கும். அப்போது தோல் ஏறி மூட முடியாது. புண் ஆறாமல் நிற்கும். இதையும் மருத்துவர் எளிதாகச் சரிசெய்வார். வீட்டில் சுண்ணாம்பு வைத்துச் சுட்டு எடுக்கக்கூடாது.

எவை வேண்டாம், எவை வேண்டும்?

புண்ணில் காப்பித்தூள், மண், சாணம், சுண்ணாம்பு, வண்டி எண்ணெய் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இவை நொய்ச் சதையைக் கெடுக்கும். மண்ணிலும் சாணத்திலும் இரணஜன்னிக் கிருமி இருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. காயம் பட்டதும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவி, இரணஜன்னித் தடுப்பூசி தேவையா என்று மருத்துவமனையில் கேட்க வேண்டும்.

ஸ்பிரிட், டிஞ்சர் போன்ற காரமான மருந்துகளைத் திறந்த புண்ணில் தினமும் ஊற்றுவதும் வேண்டாம். அவை கிருமியோடு புதுச் சதையையும் கொல்லும்.

காய்ந்து ஒட்டிய கட்டைச் சடக்கென்று இழுக்கக்கூடாது. இழுத்தால் புதுச் சதை துணியோடு வந்துவிடும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் நனைத்து, ஊறிய பிறகு எடுக்க வேண்டும்.

புதுச் சதை வளர உணவு வேண்டும். முட்டை, பருப்பு, மீன், வேர்க்கடலை ஆகியவை சதை கட்ட உதவும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சையில் உள்ள 'சி' சத்து நார்ச் சதையை உறுதியாக்கும். "புண் இருக்கும்போது முட்டை ஆகாது, பருப்பு ஆகாது" என்று பத்தியம் வைப்பது தவறு. பீடி, சிகரெட் இரத்தக் குழாயைச் சுருக்கும். புகைப்பவரின் புண் மெதுவாகத்தான் ஆறும்.

வலி இல்லாத கால்

சித்தூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில் வேலூர் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 1946-ஆம் ஆண்டில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வந்தார். இவர் தமிழ்நாட்டில் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர்.

அந்தக் காலத்தில் தொழுநோயாளிகளின் கால் புண் ஆறவே ஆறாது என்று எல்லோரும் நம்பினார்கள். நோயே சதையை அழுக வைக்கிறது என்று நினைத்தார்கள். பிராண்ட் நோயாளிகளைப் பல நாள் கூர்ந்து கவனித்தார். அவர்களுடைய சதையும் மற்றவர்கள் சதைபோலவே ஆறக்கூடியது என்று கண்டார். பிறகு ஏன் ஆறவில்லை?

அவர்களுக்குக் காலில் வலி தெரியவில்லை. அதுதான் காரணம். நமக்குக் காலில் புண் வந்தால் நொண்டி நடப்போம். புண்ணின்மேல் பாரம் விழாது. வலி தெரியாதவர் புண்ணின்மேலேயே மிதித்து நடப்பார். முளைக்கும் நொய்ச் சதை ஒவ்வொரு அடியிலும் நசுங்கும். பிராண்டும் அவருடைய குழுவினரும் புண் உள்ள காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பாரம் புண்ணின்மேல் விழாததால் பல புண்கள் ஆறின. மீண்டும் புண் வராமல் இருக்க, மெத்தென்ற ரப்பர் செருப்புகளையும் செய்தார்கள். அந்த வகைச் செருப்பு இன்றும் பயன்படுகிறது.

தொழுநோய் இப்போது மாத்திரையால் குணமாகும் நோய். ஆனால் வலி இல்லாத கால் இன்று வேறு பலருக்கு இருக்கிறது. அவர்கள் சர்க்கரை நோய் உள்ளவர்கள். பல ஆண்டுகள் சர்க்கரை கூடுதலாக இருந்தால் கால் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது.

திருப்பதியில் அலிபிரியிலிருந்து திருமலைக்குச் சுமார் 3550 படிகள் இருக்கின்றன. பலர் வேண்டுதலோடு வெறுங்காலில் ஏறுகிறார்கள். கால் நன்றாக உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம் அல்ல. கால் மரத்துப்போனவர்களுக்கு அப்படி அல்ல. கல் குத்தியதும் தெரியாது, வெயிலில் சுட்ட தரை கொப்புளம் போட்டதும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஏறி இறங்கிய அன்றே பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கண் சரியாகத் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சிறு புண் இருந்தாலும் காட்ட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் இதைக் கோவிலுக்குப் போன நாளில் மட்டும் அல்ல, தினமும் செய்ய வேண்டும்.

மதுரைக் கால்

இனிக் கெட்ட நொய்யைப் பற்றிப் பார்ப்போம்.

வேலியோரம் நடக்கும்போது கருவேல முள் குத்துகிறது. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறோம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் சில நேரம் முள்ளோடு மண்ணில் உள்ள ஒரு கிருமி உள்ளே போய்விடும். அது பூஞ்சையாக இருக்கலாம். ஊறுகாய்மேல் படியும் பூஞ்சணத்தின் உறவு அது. அல்லது பாக்டீரியா என்னும் கிருமியாக இருக்கலாம்.

மாதங்கள் போகும். சில நேரம் ஆண்டுகள் போகும். முள் குத்தியதே மறந்துபோயிருக்கும். அப்போது பாதத்தில் ஒரு கட்டி தோன்றும். வலி பெரிதாக இருக்காது. கட்டி மெல்லப் பெரிதாகும். பாதம் வீங்கும். பல இடங்களில் துளை விழும். துளைகளிலிருந்து சீழும் நீரும் வரும். அதில் மணிகள் இருக்கும். சில மணிகள் கண்ணுக்கு எட்டாத அளவு சிறியவை. சில கடுகைப்போல் இருக்கும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும்.

வீக்கம், துளைகள், மணிகள். இந்த மூன்றும்தான் அடையாளம்.

1842-ஆம் ஆண்டில் மதுரையில் பணி செய்த கில் என்ற ஆங்கில மருத்துவர் இந்த நோயைப் பற்றி எழுதினார். அதனால் உலகம் முழுவதும் இதற்கு 'மதுரா ஃபுட்', அதாவது மதுரைக் கால் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1860-இல் பம்பாயில் இருந்த கார்ட்டர் என்ற மருத்துவர் இது பூஞ்சையால் வருகிறது என்று எழுதினார். 'மைசிட்டோமா' என்ற பெயரையும் வைத்தார். பூஞ்சைக் கட்டி என்று அதற்குப் பொருள். பாக்டீரியாவாலும் இது வரும் என்பது பின்னால் தெரிந்தது.

பெயரில் மதுரை இருந்தாலும் இது மதுரைக்கு மட்டும் உரிய நோய் அல்ல. வெயிலும் முள்ளும் உள்ள பல நாடுகளில் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் சூடான் நாட்டிலும், அமெரிக்கக் கண்டத்தில் மெக்சிகோவிலும் நிறையப் பேருக்கு வருகிறது. 2016-இல் உலக சுகாதார நிறுவனம், கவனிக்கப்படாத வெப்பநாட்டு நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

யாருக்கு இது அதிகம் வருகிறது? வயலில் வேலை செய்பவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், வெறுங்காலில் நடப்பவர்கள். உழைக்கும் வயதில் உள்ளவர்களைத்தான் இது பெரும்பாலும் பிடிக்கிறது. கால் போனால் வேலை போகும். வேலை போனால் குடும்பம் என்ன செய்யும்?

இந்த மணிகள் என்ன? கிருமிகளே கூட்டமாகச் சேர்ந்து கட்டிய கோட்டைதான் அது. கோட்டைக்குள் மருந்து எளிதில் நுழையாது. அதனால்தான் நீண்ட நாள் சிகிச்சை தேவைப்படுகிறது.

மணியைச் சோதித்தால் எந்தக் கிருமி என்று தெரியும். கறுப்பு மணி என்றால் பெரும்பாலும் பூஞ்சை. இது தெரிவது மிகவும் முக்கியம். பாக்டீரியாவுக்கு உரிய மருந்து பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சை மருந்து பாக்டீரியாவைக் கொல்லாது. பாக்டீரியாவால் வந்தது என்றால் மருந்திலேயே பெரும்பாலும் குணமாகும். பூஞ்சையால் வந்தது என்றால் பல மாதங்கள் மாத்திரை சாப்பிட வேண்டும். ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். சிறிய கட்டியாக இருக்கும்போதே வந்தால் கட்டியை மட்டும் எடுத்தால் போதும். எலும்பு வரை பரவிய பிறகு வந்தால் காலையே எடுக்க நேரிடலாம்.

எனவே துளையிலிருந்து மணி வந்தால் கட்டுத் துணியைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு சுத்தமான காகிதத்தில் மடித்து எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். "இதில் மணி வருகிறது" என்று வாய் திறந்து சொல்லுங்கள். திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனையும், ஸ்விம்ஸ் என்று நாம் சொல்லும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ நிறுவனமும் உள்ளன. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் இப்படிப்பட்ட பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

இரண்டு சந்தேகங்கள்

இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுமா? தொற்றாது. நோயாளியைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் இருக்கலாம், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

இது புற்றுநோயா? இல்லை. பாதத்தில் பல துளைகள் இருப்பதால் பார்ப்பதற்குக் கறையான் புற்றுபோல் தெரியும். அவ்வளவுதான். யானைக்கால் நோயும் அல்ல. அது கொசுவால் வருவது. இது முள்ளால் வருவது.

மருத்துவச் சீட்டில் உள்ள சொற்கள்

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் மருத்துவமனையில் கொடுக்கும் சீட்டையும் படித்துப் பார்ப்பார்கள், அல்லது பிள்ளைகளைப் படிக்கச் சொல்வார்கள். ஒரேபோல் ஒலிக்கும் சில சொற்கள் அதில் இருக்கும். அவற்றின் பொருள் வேறு வேறு.

கிரானுலேஷன்: புண்ணில் வளரும் புதிய நொய்ச் சதை. நல்ல செய்தி.

கிரானுலோசைட்: உள்ளே நொய் உள்ள வெள்ளை அணு. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கும் நியூட்ரோஃபில், ஈசினோஃபில், பேசோஃபில் ஆகிய மூன்றும் இந்த வகைதான்.

கிரெயின்ஸ்: சீழோடு வரும் கிருமி மணிகள். மதுரைக் காலின் அடையாளம்.

கிரானுலோமா: இந்தச் சொல்லைக் கேட்டுப் பலர் புற்றுநோய் என்று பயந்துபோகிறார்கள். கிரானுலோமா புற்றுநோய் அல்ல. அழிக்க முடியாத கிருமியைச் சுற்றி நம் உடம்பு அணுக்கள் கூடி நின்று கட்டும் சிறு உருண்டை அது. திருடனைப் பிடித்து ஊரே சுற்றி நிற்பதுபோல. காசநோயில் இது அதிகம் தெரியும். காசநோயின் ஆங்கிலப் பெயரான 'டியூபர்குளோசிஸ்' என்பதே சிறு உருண்டை என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து வந்தது. மதனப்பள்ளி பக்கம் ஆரோக்கியவரத்தில் 1915-இல் காசநோய் மருத்துவமனை திறந்தபோது இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்றும் உணவும் ஓய்வும்தான் சிகிச்சை. இன்று மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலானவர்கள் ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகிறார்கள். சீட்டில் கிரானுலோமா என்று இருந்தால் பயந்து ஓட வேண்டாம். எதனால் வந்தது என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

நினைவில் வைப்போம்

வயலுக்கும் காட்டுக்கும் செருப்பு போட்டுக்கொண்டு போவோம்.

முள் குத்தினால் எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுவோம்.

புண்ணில் சிவந்த நொய்ச் சதை தெரிந்தால் தேய்க்க மாட்டோம்.

பாதத்தில் வலியில்லாத கட்டி வந்தால் வலிக்கும்வரை காத்திருக்க மாட்டோம்.

சீழில் மணி வந்தால் அன்றே காட்டுவோம்.

சிகிச்சையைப் பாதியில் நிறுத்த மாட்டோம்.

நம்மைத் தாங்குவது நம் கால். இரவு படுக்கப் போகும் முன் காலைக் கழுவித் துடைத்து, பாதத்தை ஒருமுறை பார்ப்போம். அதற்கு ஒரு நிமிடம் போதும்.